உதயம் இல்லாவிட்டால் சூரியன்

அத்தையின் வலது மணிக்கட்டில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. டிக்கெட் கவுண்டர் துவாரத்துக்குள் கை விட்டபோது பின்னால் நின்ற கூட்டம் ஒரு தள்ளு தள்ள, கண்ணாடி வளையல் உடைந்து கிழித்த காயம். எந்தத் தியேட்டர், எந்தப் படம் என்பது அத்தைக்கே மறந்துவிட்டது. கை கிழிந்த பிறகும் மூன்று டிக்கெட்டை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன் என்பதை மட்டும் இன்றைக்கும் சொல்வார். அதற்குப் பிறகு படத்துக்குப் போகிற நாளில் வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டு, ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிக்கொள்வது வழக்கமாயிற்று. ஜாபர்கான்பேட்டை வீட்டில் அத்தை ரப்பர் பேண்டைத் தேடினால் பிள்ளைகள் நாங்கள் செருப்பைத் தேடுவோம். ரப்பர் பேண்ட் என்றால் உதயம்.

சென்னையில் அசோக் பில்லர் பக்கத்தில், நூறடி ரோட்டில், 1983-ல் உதயம் தியேட்டர் வந்தபோது எனக்கு ஏழு வயது. உதயம், சூரியன், சந்திரன் என்று ஒரே வளாகத்தில் மூன்று அரங்குகள். மினி உதயம் என்று ஒரு குட்டி அரங்கும் இருந்தது. பேர் வைத்தவர் யாரோ, நல்ல மனசுக்காரர். காலையில் எழுந்து வானத்தைப் பார்க்கிறவனுக்கு என்னென்ன தெரியுமோ அதையே வைத்திருந்தார். எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட "சூரியன்ல என்ன படம் ஓடுது, சந்திரன்ல என்ன ஓடுது" என்று துல்லியமாகக் கேட்பார்கள்.

மூன்று திரை என்பதன் அருமை அன்றைக்கு எங்களுக்கு வேறு விதத்தில் புரிந்திருந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது இன்ன படம் என்று முடிவு செய்யவேண்டியதில்லை. "போய்ப் பாத்துக்கலாம்" என்று கிளம்புவோம். உதயத்தில் ஹவுஸ்ஃபுல் போர்டு தொங்கினால் சூரியன். அதிலும் டிக்கெட் இல்லையா, சந்திரன். மூன்றுமே நிறைந்துவிட்டால்தான் ஏமாற்றம். அப்படி ஆன நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெரிய நடிகர் படத்துக்குக் கிளம்பி, டிக்கெட் கிடைக்காமல், பேரே கேள்விப்படாத ஒரு புதுமுகம் நடித்த படத்துக்குள் போய் உட்கார்ந்து, கண் சிவக்க அழுதுவிட்டு வந்திருக்கிறோம். நான் பார்த்த நல்ல படங்களில் பாதி அப்படி இன்னொரு படத்துக்கு டிக்கெட் கிடைக்காததால் பார்த்தவை. இதைச் சொன்னால் என் மகள் நம்புவதில்லை. அவள் எந்தப் படம், எந்த ஷோ, எந்த வரிசை, எந்த சீட் என்று நாலு முடிவை எடுத்த பிறகுதான் வீட்டுப் பூட்டைத் தேடுகிறாள்.

அத்தைக்கு இந்த மூன்று திரைப் பழக்கம் புதிதல்ல. கல்யாணமாகி வந்த புதிதில் மாமா அவரை சஃபையருக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அண்ணா சாலையில், ஜெமினி பக்கம், 1964-ல் வந்த வளாகம். சஃபையர், எமரால்டு, ப்ளூ டைமண்ட் என்று மூன்று. இந்தியாவிலேயே ஒரே கூரையின் கீழ் பல அரங்குகள் என்ற ஏற்பாட்டின் முன்னோடி அதுதான் என்று சினிமாக்காரர்கள் சொல்வார்கள். அதில் ப்ளூ டைமண்ட்தான் அத்தைக்குச் சொர்க்கம். அங்கே காட்சி நேரம் என்று ஒன்று கிடையாது. படம் முடிந்து திரும்ப ஓடும், முடிந்து திரும்ப ஓடும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். பாதியில் போய் உட்கார்ந்து, முடிவைப் பார்த்துவிட்டு, பிறகு ஆரம்பத்தைப் பார்த்துவிட்டு, "இங்கதான் வந்தோம்" என்கிற இடம் வந்ததும் எழுந்து வரலாம். எழுந்து வராமலும் இருக்கலாம். வெயில் காலத்தில் அண்ணா சாலைக்குச் சாமான் வாங்க வந்த குடும்பங்கள் ஏ.சி.க்காகவே ஒரு டிக்கெட் எடுத்து உள்ளே போய்க் கண் அசந்ததெல்லாம் உண்டு. அத்தை ஆங்கிலப் படம் பார்த்ததெல்லாம் அங்கேதான். ஒரு வார்த்தை புரியாது. "முடிவ மொதல்ல பாத்துட்டா அப்புறம் மொத்தமும் புரியும்டீ" என்பார்.

சஃபையரைத் தொண்ணூறுகளின் நடுவில் மூடி இடித்தபோது அத்தை ஒரு நாள் முழுக்கச் சரியாகப் பேசவில்லை. நான் அப்போது கல்லூரியில். ஒரு கட்டடத்துக்காக ஒருத்தர் இப்படி இருப்பாரா என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு உதயம் இருந்தது. அதற்கு அப்போது பத்து வயதுக்குக் கொஞ்சம் மேல். அதற்கும் வயதாகும் என்று யார் நினைத்தார்கள்?

*

லேடீஸ் கியூவைப் பற்றிச் சொல்லாமல் உதயத்தைப் பற்றிச் சொன்னதாக ஆகாது.

ஆண்கள் வரிசை கம்பிக் கூண்டுக்குள் வளைந்து வளைந்து ரோடு வரை நிற்கும். பெண்கள் வரிசை எப்போதும் குட்டை. பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். ஒருவருக்கு இத்தனை டிக்கெட் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அதனால் பெண்கள் வரிசையின் ஓரமாக எப்போதும் ஒரு சின்ன ஆண் கூட்டம் தயங்கித் தயங்கி நிற்கும். கையில் எண்ணி வைத்த காசு. "அக்கா, ரெண்டு டிக்கெட் எடுத்துத் தர்றீங்களாக்கா?" அத்தை ஒரு பார்வை பார்ப்பார். பிளாக்கில் விற்கிறவனா, படம் பார்க்கிறவனா என்று அந்த ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். விற்கிறவன் ஆளைப் பார்த்துக் கேட்பான், பார்க்கிறவன் கவுண்டரைப் பார்த்துக்கொண்டே கேட்பான் என்பது அத்தையின் கணக்கு. அது ஒருநாளும் தப்பியதில்லை.

அப்படிக் கேட்டவர்களில் ஒரு பையனை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒல்லி, எண்ணெய் காணாத தலை, சட்டைப் பையில் மடித்த நோட்டுப் புத்தகம். கே.கே. நகரில் ஒரு மொட்டை மாடி அறையில் நாலைந்து பேரோடு தங்கியிருந்தான். உதவி இயக்குநராகச் சேர்வதற்காகக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். வடபழனி, சாலிகிராமம், கே.கே. நகர், அசோக் நகர் இந்தச் சுற்று வட்டாரம் முழுக்க அப்படிப்பட்ட பையன்கள்தான். ஸ்டூடியோக்களும் டப்பிங் தியேட்டர்களும் பக்கத்தில். வாடகை கொஞ்சம் கம்மி. எல்லோருக்கும் பொதுவாக உதயம். வெள்ளிக்கிழமை முதல் காட்சி முடிந்ததும் வாசல் டீக்கடைகளில் அந்தப் பையன்கள் நின்று அன்றைய படத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்துப்போடுவதைக் கேட்டால், படம் எடுத்தவரே ஒரு பாடம் கற்றுக்கொண்டு போகலாம்.

அந்தப் பையனுக்கு அத்தை டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். படம் முடிந்து வெளியே வரும்போது அவன் எங்களைத் தேடிக்கொண்டு வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்தோம்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? எந்த இடத்துலக்கா உங்களுக்குப் போரடிச்சுது?"

அத்தையை அதுவரை யாரும் எந்த விஷயத்திலும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. குழம்பில் உப்பு சரியா என்று அத்தைதான் மற்றவர்களைக் கேட்பார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு பாட்டு வந்துச்சு பாருப்பா. அப்ப நான் புள்ளைக்கு முறுக்கு வாங்கப் போயிட்டேன்."

"திரும்பி வந்ததும் கதை புரிஞ்சுதாக்கா?"

"புரியாம என்ன? ஒண்ணும் நடக்கலையே."

அவன் நோட்டை எடுத்து அங்கேயே நின்று எழுதிக்கொண்டான். அந்த விளக்கு வெளிச்சத்தில், சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடுகிறவர்கள் இடித்துக்கொண்டு போக, ஒரு வார்த்தை விடாமல் எழுதினான். பிறகு பல மாதங்கள் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பான். அத்தையும் அவனுக்காகவே கவனித்துப் பார்க்க ஆரம்பித்தார். எங்கே கொட்டாவி வந்தது, எங்கே பக்கத்து சீட் அம்மாள் மூக்கைச் சிந்தினாள், எந்தப் பாட்டுக்கு ஆண்கள் மொத்தமாக எழுந்து வெளியே போனார்கள், எல்லாம் சொல்வார். படங்களின் விளம்பரத்தில் 'தாய்க்குலத்தின் பேராதரவு' என்று போடுவார்கள். அந்தத் தாய்க்குலத்திடம் நேரில் வந்து கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் இந்தப் பையன்கள். அவன் படம் எடுத்தானா, ஊருக்குத் திரும்பிவிட்டானா என்பது எங்களுக்குத் தெரியாது. பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவன் எங்கள் பேரைக் கேட்கவில்லை. அக்கா, தம்பி, அவ்வளவுதான்.

*

மாமா ஆபரேட்டர். நகரத்தின் வேறொரு தியேட்டரில். அங்கே நாங்கள் சும்மாவே உள்ளே போகலாம். ஆனாலும் அத்தை உதயத்துக்குக் காசு கொடுத்துத்தான் போவார். "அங்க போனா நான் ஆபரேட்டர் பொண்டாட்டி. இங்க நான் படம் பாக்க வந்தவ."

மாமாவின் அறைக்குள் நான் நாலைந்து தடவை போயிருக்கிறேன். சூடு. இரண்டு பெரிய புரொஜக்டர்கள், ஒன்றையொன்று பார்க்காத இரண்டு யானைகள் மாதிரி. ஆயிரம் அடி ஃபிலிம் சுமார் 11 நிமிடம் ஓடும். தமிழ்ப் படம் என்றால் பதினான்கு, பதினைந்து ஆயிரம் அடிச் சுருள்கள். இரண்டிரண்டாகச் சேர்த்துச் சுற்றி வைத்துக்கொள்வார். ஒரு மெஷினில் ஒரு சுருள் முடியும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி மின்னும். அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினின் மோட்டாரை ஓடவிட வேண்டும். இன்னும் சில விநாடியில் இரண்டாவது புள்ளி. அதற்கு மாற்றிவிட வேண்டும். கீழே உட்கார்ந்திருக்கிற ஆயிரம் பேரில் ஒருவருக்கும் தெரியக்கூடாது. மாமா வாழ்நாள் முழுக்க இந்த வேலையைத்தான் செய்தார், யாருக்கும் தெரியாமல். நான் இன்றும் பழைய படத்தைப் பார்த்தால் அந்த மூலைக்குக் கண் போய்விடும்.

அந்தக் காலத்தில் பிரிண்டுக்குப் பஞ்சம். ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டர்கள் பங்கு போட்டுக்கொள்வதுண்டு. இங்கே முதல் சில சுருள்கள் ஓடி முடிந்ததும் பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஒரு பையன் அங்கே மிதிப்பான். "பொட்டி வந்துருச்சா?" என்பதுதான் வெள்ளிக்கிழமையின் கேள்வி. பல அரங்கு உள்ள வளாகங்களில் சைக்கிளுக்கு வேலையில்லை. ஒரு அரங்கில் ஓடி முடித்த சுருளை மாடிப்படி வழியாக அடுத்த அரங்கின் அறைக்குக் கையில் தூக்கிக்கொண்டு போனாலே போதும். மூன்று திரை வைத்தவர்களுக்கு அது ஒரு பெரிய வசதி என்று மாமா மரியாதையோடு சொல்வார்.

பிறகு ஹார்ட் டிஸ்க் வந்தது. கியூப் என்ற டிஜிட்டல் முறை வந்தது. படம் ஒரு டப்பாவுக்குள் அடங்கி, அதைத் திறக்க ஒரு சாவி எண் தனியாக வந்து சேர்ந்தது. புள்ளி மறைந்தது, பெட்டி மறைந்தது. படம் முன்னைவிடத் துல்லியமாகத் தெரிந்தது. அதை மறுக்க முடியாது. கீறல் இல்லை, மழை பெய்வதுபோல் கோடு இல்லை. மாமாவே ஒப்புக்கொண்டார்.

ஆனால் உதயம் மாதிரி வளாகங்களின் காலை வாரிய மாற்றம் அங்கேதான் ஆரம்பித்தது என்பது என் எண்ணம். பிரிண்ட் விலை அதிகமாக இருந்தவரை சென்னையில் ஒரு படம் குறிப்பிட்ட சில தியேட்டர்களில்தான் வரும். அசோக் நகர், மாம்பலம், எம்.ஜி.ஆர். நகர் சனங்கள் அந்தப் படத்தைப் பார்க்க அங்கேதான் வந்தாக வேண்டும். நூறு நாள் ஓடும். நல்ல படம் மெதுவாகச் சூடு பிடித்து, நாலாவது வாரத்தில் ஹவுஸ்ஃபுல் ஆகும். லேடீஸ் கியூவுக்கு ஒரு படத்தைத் தூக்கி நிறுத்துகிற வலு அப்படித்தான் கிடைத்தது. டிஜிட்டலுக்குப் பிறகு ஒரே நாளில் எல்லாத் தியேட்டரிலும் எல்லாப் படமும். மூன்று நாளில் வசூலை அள்ளிக்கொண்டு போய்விட வேண்டும். மூன்று நாளில் பார்த்துவிடுகிறவர்கள் யார்? இளவட்டங்கள், ரசிகர்கள், போனில் புக் செய்யத் தெரிந்தவர்கள். வீட்டு வேலை முடித்து, பக்கத்து வீட்டில் கேட்டு, "நல்லா இருக்காம்" என்று தெரிந்துகொண்டு இரண்டாவது வாரம் கிளம்புகிற அத்தைகள் வந்து சேரும்போது படம் மாறியிருக்கும்.

அதன் பிறகு வந்ததெல்லாம் அடி மேல் அடி. பக்கத்திலேயே வடபழனியில், விஜயா வாஹினி ஸ்டூடியோ இருந்த இடத்தில், 2013-ல் மால் வந்தது. அதற்குள் ஒன்பது திரை. எந்தத் தளத்தில் படமெடுத்து எங்கள் தியேட்டர்களுக்கு அனுப்பினார்களோ அந்த மண்ணே தியேட்டராகிவிட்டது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 100 ரூபாய்க்கு மேல் டிக்கெட் என்றால் 28 சதவீதம், அதோடு உள்ளாட்சி வரி வேறு என்றதும் தமிழ்நாடு முழுக்கத் தியேட்டர்களைச் சில நாள் மூடி வைத்தார்கள். 2018 மார்ச்சில் டிஜிட்டல் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் ஒன்றரை மாதம் போலப் புதுப் படமே விடவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா. நவம்பரில் திறந்தபோது பாதி இருக்கைக்குத்தான் அனுமதி. மறுவருஷம் ஏப்ரலில் திரும்பவும் மூடி ஆகஸ்டில் திறந்தார்கள். அதற்குள் வீட்டு வரவேற்பறையில் படம் பார்ப்பது எல்லோருக்கும் பழகிவிட்டது.

நகரத்தின் இன்னொரு பழைய வளாகத்தில் அந்தக் காலகட்டத்தில் ஒரு காலைக் காட்சி பார்த்தேன். பேர் வேண்டாம். என்னோடு சேர்த்து ஏழு பேர். இடைவேளை வரை ஏ.சி. போடவில்லை. கேட்டதற்கு, டார்ச் வைத்திருந்த பெரியவர் என் பக்கத்தில் குனிந்து, "ஏழு டிக்கெட்டுக்குக் கரண்ட் பில் கட்ட முடியாதும்மா, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார். அவர் குரலில் இருந்த வெட்கத்தை என்னால் மறக்க முடியவில்லை. அது அந்த நிர்வாகத்தின் கஞ்சத்தனம் அல்ல. ஆயிரம் பேருக்காகக் கட்டிய அரங்கில் ஏழு பேர் உட்கார்ந்தால் எந்தக் கணக்கும் நேராகாது. ஆயிரம் பேருக்கு ஒரு கூரை என்று கட்டினார்கள். அதே கூரையை ஏழு பேருக்காகக் குளிரவைக்க முடியுமா?

*

2024-ல் உதயத்தை மூடினார்கள். அந்த இடத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்றார்கள். இடித்தும் விட்டார்கள்.

நிலத்துக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தியேட்டர் என்பது ஓர் இருக்கையை மூன்று மணி நேரத்துக்கு வாடகை விடுகிற தொழில். அதற்கும் அரசாங்கம் வைத்த உச்ச விலை. மல்டிபிளெக்ஸ் என்றால்கூட 10 ரூபாய்க்கு முன்வரிசையில் கொஞ்சம் டிக்கெட் வைத்தாக வேண்டும் என்று இருந்தது. அது நல்ல விதி. கட்டட வேலைக்கு வந்த எத்தனையோ பையன்கள் அந்த 10 ரூபாயில் கழுத்து வலிக்க அண்ணாந்து உட்கார்ந்து, மற்றவர்கள் பார்த்த அதே படத்தைப் பார்த்தார்கள். ஆனால் அதே இருக்கையின் கீழுள்ள தரையைச் சதுர அடிக் கணக்கில் ஒரே தடவையாக விற்றுவிடலாம் என்று வரும்போது, அசோக் பில்லர் முனையில், மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், எந்தக் குடும்பம்தான் எத்தனை வருஷம் பிடிவாதம் பிடிக்கும்?

அண்ணா சாலையில் நடந்த கதையும் அதுதான். கெயிட்டி போனது, வெலிங்டன் போனது, பிளாசா, ஆனந்த், அலங்கார் போயின. 1961-ல் வந்த சாந்தி 2016-ல் மூடியது. அந்தச் சாலையில் 1970-லிருந்து நிற்கிற தேவி வளாகத்தை பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் இருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். வயதான சொந்தக்காரர் வீட்டைக் கடக்கும்போது கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்போமே, அப்படி.

வயதான வளாகம் என்றாலே இடித்துத்தான் ஆகவேண்டும் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ராயப்பேட்டையில் சத்யம் வளாகம் 1974-ல் வந்தது, உதயத்துக்கு அது அண்ணன். உள்ளே பிரித்து, மாற்றி, மூன்று திரையை ஆறாக்கி இன்றைக்கும் ஓடுகிறது. வடபழனியில் கமலாவைப் புதுப்பித்தார்கள். உதயத்திலிருந்து ஒரு நடை தூரத்தில், அதே நூறடி ரோட்டில், காசி இருக்கிறது. வழி இல்லாமல் இல்லை. அதற்குப் பணமும் பொறுமையும் உள்ள ஒருவர் சரியான நேரத்தில் வரவேண்டியிருக்கிறது. அதோடு, நகரத்தை ஆள்கிறவர்களுக்கு ஒரு தியேட்டரும் பூங்கா மாதிரி, நூலகம் மாதிரி ஒரு பொதுவிடம் என்ற நினைப்பு வேண்டும். வரி விதிக்க மட்டும் ஞாபகம் வருகிற இடமாக அது இருந்துவிட்டது. பெரிய கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது இத்தனை கார் நிறுத்த இடம் விடு, இத்தனை மழைநீர்த் தொட்டி கட்டு என்று கேட்கிறார்கள். தியேட்டரை இடித்துக் கட்டுகிற இடத்தில் தரைத்தளத்தில் இருநூறு பேர் உட்காரும் ஒரே ஓர் அரங்கு, தெருவைப் பார்த்து ஒரு டிக்கெட் ஜன்னல் என்றும் கேட்கட்டும். நான் உண்மையாகவே கேட்கிறேன். இருநூறு சீட் போதும்.

இப்போது கட்டுகிற பெரிய அடுக்ககங்களின் விளம்பரத்தில் பார்க்கிறேன். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், மினி தியேட்டர். இருபது, முப்பது சாய்வு நாற்காலி போட்ட ஓர் அறை, குடியிருப்போருக்கு மட்டும். வாட்ச்மேனுக்கு அங்கே இடமில்லை. அந்த வீடுகளில் பாத்திரம் தேய்க்க எம்.ஜி.ஆர். நகரிலிருந்து வருகிற பெண்ணுக்கும் இடமில்லை. மினி உதயத்தில் அவள் அம்மா டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருப்பாள், என் அத்தைக்கு இரண்டு சீட் தள்ளி.

*

போன மாதம் மகள் என்னையும் அத்தையையும் வடபழனிப் பக்கம் மாலுக்குப் படத்துக்குக் கூட்டிப்போனாள். அத்தைக்கு 77 வயது. கிளம்பும்போது அலமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "என்ன தேடுறீங்க அத்தை?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று மூடிவிட்டார்.

மகள் போனை நீட்டினாள், வாசலில் ஒரு பெண் அதைப் பார்த்துத் தலையசைத்தாள், உள்ளே போய்விட்டோம். சீட் நன்றாக இருந்தது. ஒலியும் நன்றாக இருந்தது, மழைக் காட்சியில் அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். படமும் மோசமில்லை. முடிந்து விளக்கு வந்ததும் அத்தை உடனே எழுந்திருக்கவில்லை. வெளியே போகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆள் போகும் வரை பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்து எழுந்தார். வெளியே வந்ததும் மகளின் போன் சத்தம் கொடுத்தது. படம் எப்படி, எத்தனை நட்சத்திரம் என்று கேட்டிருந்தது. நடந்துகொண்டே மூன்றரை அழுத்தினாள்.

அவள் சிநேகிதியோடு போக, நாங்கள் ஆட்டோ பிடித்தோம். "எங்கம்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

"உதயம் தியேட்டர் தாண்டி, ஜாபர்கான்பேட்டை" என்றார் அத்தை.

ஆட்டோக்காரர் மீட்டரைப் போட்டுவிட்டு, "படமா? இந்த வாரம் வந்ததுதானே, எப்படிம்மா இருக்கு?" என்று கண்ணாடியில் பார்த்தார்.

அத்தை முன்னால் நகர்ந்து, சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நல்லாத்தான் இருக்குப்பா. அந்த ஆஸ்பத்திரிக்குப் போறாங்க பாரு, அங்க கொஞ்சம் இழுத்துட்டான். நான் மட்டும் இல்ல, பின் சீட்ல ஒரு கைக்குழந்தைக்காரி, அவளும் அப்பதான் எழுந்து போனா. அத எடுத்துட்டா ஒண்ணும் கெட்டுப்போகாது."

"இன்டர்வலுக்கு முன்னாடியா, பின்னாடியாம்மா?"

"பின்னாடி" என்று அத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அசோக் பில்லர் சிக்னலில் வண்டி நின்றது. இடது கையால் கம்பியைப் பிடித்தபடி, வலது கையை வீசி வீசி அந்த ஆஸ்பத்திரிக் காட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தார். வளையல்கள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் ஓடி ஓடி வந்துகொண்டிருந்தன.